திரும்ப அழைத்தவர்கள் எத்தனை பேர்?

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள், அப்படியே ஆகட்டும். மற்ற வாசகர்களுக்காக உங்கள் கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். வங்கி வேலையை விட்டுவிட்டு, நான்கு ஆண்டுகளாக உங்கள் கல்லூரித் தோழியான ஒரு பாடகிக்கு மேலாளராக இருக்கிறீர்கள். பாடல்களை அவரே எழுதி, அவரே மெட்டமைத்துப் பாடுகிறார். உடன் நான்கு பேர் கொண்ட இசைக்குழு இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு பாடல் நன்றாக ஓடியதால் 41 மேடைகள் கிடைத்தன. சராசரியாக மேடைக்கு 1,20,000 ரூபாய். இந்த ஆண்டு இதுவரை ஒன்பதுதான். உங்கள் பங்கு 15 சதவீதம் என்பது வாய்மொழிப் பேச்சு. எழுத்தில் எதுவும் இல்லை. பாடகிக்குத் திரைப்பட வாய்ப்புகள் வேறு ஆட்கள் மூலமாக வரத் தொடங்கியிருக்கின்றன. 'வேகம் நின்றுவிட்டது. இன்னும் மூன்று நான்கு கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டால் மீளலாமா, அல்லது வங்கிக்கே திரும்பிவிடுவது நல்லதா?' என்பது உங்கள் கேள்வி.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 41 என்ற எண்ணையும் ஒன்பது என்ற எண்ணையும் நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு எண்களும் உங்களை எவ்வளவு வருத்தியிருக்கின்றன என்பது புரிகிறது. ஆனால் அவை அந்தப் பாடலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் எண்கள். ஒரு பாடல் ஓடும்போது மேலாளர் யாராக இருந்தாலும் தொலைபேசி அடிக்கும். பாடல் பழசானதும் அடிப்பது குறையும். நீங்கள் மேலாளராக எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்பதை அறிய வேறோர் எண்ணை எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த 41 பேரில் இரண்டாவது முறையாக உங்களை அழைத்தவர்கள் எத்தனை பேர்? தங்கள் நிகழ்ச்சிக்கு இல்லாவிட்டாலும், 'அந்தப் பெண்ணிடம் பேசுங்கள், சரியாகச் செய்து கொடுப்பார்' என்று வேறொருவருக்கு உங்கள் எண்ணைக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 22 ஆண்டுகளாகச் சென்னையில் இந்தத் தொழிலில் இருந்து நான் புரிந்துகொண்டது, நீடித்த வேகம் என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டாவது அழைப்புதான் என்பதே.

இதை நான் நல்ல வழியில் கற்றுக்கொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், நாமக்கல் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆண்டு விழாவுக்கு ஒரு மெல்லிசைக் குழுவை அழைத்துச் சென்றிருந்தேன். பாதித் தொகை முன்பணமாக வந்திருந்தது. மீதி மேடை ஏறுவதற்கு முன் தரப்படும் என்று பேச்சு. மாலை ஏழரை மணிக்கு மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவில், மாணவர் செயலாளர் வியர்த்துப்போய் நின்றார். கரஸ்பாண்டென்டின் தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் வராமல் காசாளர் பெட்டியைத் திறக்க மாட்டார். பணம் கைக்கு வராமல் குழு மேடை ஏறாது என்று நான் சொல்லிவிட்டேன். மைதானத்தில் மாணவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். எட்டரை தாண்டி, ஒரு துணிக்கடைப் பையில் பணம் வந்தது. கைபேசி வெளிச்சத்தில் ஒவ்வொரு நோட்டாக எண்ணி, குழுவை மேடையேற்றும்போது ஒன்பது இருபது. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது சட்டம். காவலர்கள் சரியாக வந்து நின்றார்கள். ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

பணம் முழுதாக வந்துவிட்டது, ஒரு ரூபாய் குறையவில்லை என்ற திருப்தியோடு ஊர் திரும்பினேன். அந்தக் கல்லூரி என்னை அடுத்து அழைக்கவே இல்லை. அந்த மாணவர் செயலாளர் பிற்காலத்தில் ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனத்தில் கலைஞர்களைத் தேர்வு செய்யும் பொறுப்புக்கு வந்தார். ஏழு ஆண்டுகள் என் கலைஞர் ஒருவரைக்கூட அவர் அழைக்கவில்லை. ஒருநாள் நேரில் பார்த்தபோது கோபமின்றித்தான் சொன்னார்: 'அன்றைக்கு நீங்கள் கேட்டது நியாயம்தான் சார். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் நான் பட்ட அவமானத்தை நீங்கள் பார்க்கவே இல்லை.' அந்த வார்த்தைக்குப் பிறகு என் ஒப்பந்தத் தாள்களை எல்லாம் மாற்றினேன். தேதி உறுதியாகும்போது பாதி, நிகழ்ச்சிக்கு மூன்று நாள் முன்னதாக வங்கிக் கணக்கில் மீதி என்று எழுதி வாங்கத் தொடங்கினேன். மூன்று நாள் முன்னதாகப் பணம் வராவிட்டால் பேசுவதற்கு நேரம் இருக்கும். மேடைக்குப் பின்னால் அந்த நேரம் இருக்காது. பண விஷயத்தில் கறாராக இருப்பது உங்கள் கடமை. எந்த இடத்தில், எந்த மணிக்குக் கறாராக இருக்கிறோம் என்பதில்தான் திறமை இருக்கிறது.

ஆகவே முதல் வேலையாக, 41 நிகழ்ச்சிகளையும் ஒரு பேரேட்டில் எழுதுங்கள். ஊர், தேதி, அழைத்தவர், உண்மையில் முடிவெடுத்தவர், ஒலி அமைப்புக்காரர், பேசிய தொகை, வந்த தொகை, வந்த நாள், என்ன சரியாக நடந்தது, எங்கே சறுக்கியது என்று எல்லாம் இருக்கட்டும். ஒலி அமைப்புக்காரரின் பெயரை விட்டுவிடாதீர்கள். கல்லூரி விழாக் குழு ஆண்டுதோறும் மாறிவிடும். உங்களை அழைத்த மாணவர் படித்து முடித்துப் போய்விடுவார். மாறாமல் இருப்பவர்கள் பொறுப்புப் பேராசிரியரும் மைக்செட் காரரும்தான். புதிய குழு 'போன வருஷம் வந்தவர்கள் எப்படி?' என்று கேட்கப்போவது இவர்களிடம். உங்கள் குழுவுக்கு எத்தனை மைக், எத்தனை மானிட்டர், டிரம்ஸுக்கு எவ்வளவு இடம் என்ற ரைடர் தாளைப் பத்து நாள் முன்பே தெளிவாக அனுப்பி, சவுண்ட் செக்குக்குச் சொன்ன நேரத்தில் வந்து நின்ற மேலாளரை அவர்கள் மறப்பதில்லை. நிகழ்ச்சி முடிந்த மறுநாள் நன்றி சொல்லி ஓர் அழைப்பு, ஆறு மாதம் கழித்து எதையும் கேட்காமல் இன்னோர் அழைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி வேண்டும்போது மட்டும் பேசுகிறவரின் குரல் எதிர்முனைக்கு விரைவில் அலுத்துவிடும்.

அடுத்தது ஆண்டின் போக்கு. ஒன்பது நிகழ்ச்சிகள் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தெந்த மாதங்களில் என்று சொல்லவில்லை. நம் ஊரில் மேடை இசைக்கென்று ஒரு பருவச் சுழற்சி உண்டு, அதை எதிர்த்து நீந்த முடியாது. கல்லூரி விழாக்கள் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. சென்னை ஐஐடியின் சாரங் ஜனவரியில் வருகிறது, திருச்சி என்ஐடியின் ஃபெஸ்டம்பர் செப்டம்பரில். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடலோர மாவட்டங்களில் திறந்தவெளி நிகழ்ச்சிக்கு யாரும் துணிய மாட்டார்கள். மார்கழியில் சென்னையின் சபா அரங்குகள் கச்சேரிகளுக்கே போய்விடும். வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் விழா ஜூலை முதல் வாரத்தை ஒட்டி நடக்கிறது. அதற்குப் போக வேண்டுமென்றால் விசா வேலையைப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியாக வேண்டும். அக்டோபரில் தொலைபேசி அடிக்கவில்லை என்று கலங்குகிறவர், உண்மையில் ஜனவரிக் கல்லூரி விழாக்களுக்கான பேச்சு அந்த வாரங்களில்தான் நடக்கிறது என்பதைக் கவனிக்கத் தவறுகிறார். என் அலுவலகத்தில் மழை மாதங்கள்தான் அதிக வேலை நடக்கும் மாதங்கள்: புதுப் பாடல் பதிவு, படங்கள் எடுப்பது, ஒப்பந்தங்களைப் புதுப்பிப்பது, கல்லூரிகளுக்கு எழுதுவது எல்லாம் அப்போதுதான்.

இனி, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத, ஆனால் என்னைக் கவலைப்படுத்திய ஒரு விஷயம். 41 மேடைகள், சராசரி 1,20,000 ரூபாய் என்றால் சென்ற ஆண்டு வரவு 49,20,000 ரூபாய். சேவை அளிப்பவரின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். நாட்டுப்புற, செவ்வியல் கலை வடிவங்களை நிகழ்த்துபவர்களுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் வரையிலான ஊதியத்துக்கு விலக்கு உண்டு. உங்கள் தோழியின் பாடல்கள் அந்த வகையில் சேராது என்றே நீங்கள் விவரித்ததிலிருந்து தெரிகிறது. பதிவு செய்திருக்கிறீர்களா என்பது கடிதத்தில் இல்லை. செய்யவில்லை என்றால் இந்த வாரமே ஓர் ஆடிட்டரைப் பாருங்கள். நாமாகப் போய்ச் சரிசெய்வதற்கும் நோட்டீஸ் வந்த பிறகு சரிசெய்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நிறுவனங்கள் ஊதியத்தில் பிடித்த 10 சதவீத டிடிஎஸ் தொகை பாடகியின் பான் எண்ணில் உண்மையாகவே வரவாகியிருக்கிறதா என்பதையும் அப்போதே சரிபார்த்துவிடுங்கள். பிடித்தோம் என்று சொல்லிவிட்டுக் கட்டாமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பாடல் யாருடையது என்பதிலும் இதே அக்கறை வேண்டும். வரிகளும் மெட்டும் உங்கள் தோழியுடையவை. ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தம்? ஸ்டூடியோ செலவைக் கொடுத்தவர் யார், இசை ஒழுங்கு செய்த நண்பருடன் என்ன பேசிக்கொண்டீர்கள், ஏதாவது நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தீர்களா? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. ஆவணத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்கிறது. ஆனால் அச்சடித்து வரும் ஒப்பந்தங்களில் 'நிரந்தரமாக, உலகெங்கும்' என்ற சொற்கள் முன்கூட்டியே இருக்கும். கையெழுத்திடும் முன் அந்த வரியைத் தேடிப் படிப்பது மேலாளரின் வேலை. உங்கள் தோழி பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும், அவர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராக வேண்டும். 1969 முதல் இருக்கும் அமைப்பு அது. பாடகி என்ற முறையில், 2013-இல் இஸ்ரா என்ற பெயரில் தொடங்கி இப்போது இசாம்ரா எனப்படும் பாடகர் உரிமை அமைப்பிலும் சேர வேண்டும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இட அடையாளக் குறியீடு சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். மேடை ஊதியம் அன்றோடு முடிந்துவிடும். பாடலின் ராயல்டி, சிறிய தொகையானாலும், நீங்கள் தூங்கும்போதும் திரும்பத் திரும்ப வரும். ஒன்பது மேடை மட்டுமே கிடைத்த ஆண்டில் அதன் அருமை தெரியும்.

காகிதத்தில் கோட்டைவிட்டால் எவ்வளவு அன்புள்ள மேலாளராலும் காப்பாற்ற முடியாது என்பதற்கு பிரையன் எப்ஸ்டீனை நினைத்துக்கொள்வேன். லிவர்பூலில் இசைத்தட்டுக் கடை நடத்தியவர் அவர். 1961 நவம்பரில் பீட்டில்ஸ் குழுவைக் கேட்டு, சில வாரங்களில் மேலாளராகி, டெக்கா இசைத்தட்டு நிறுவனம் மறுத்த பின்னும் விடாமல் அலைந்து, 1962-இல் பார்லோஃபோன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஒப்பந்தத்தைப் பெற்றுத் தந்தார். அந்த விடாப்பிடி இன்றும் எனக்கு ஆதர்சம். ஆனால் குழுவின் பெயரில் பொம்மைகளும் சட்டைகளும் விற்கும் உரிமையைக் கைமாற்றியபோது, வருமானத்தில் 90 சதவீதம் வாங்கியவர்களுக்குப் போகும்படி அமைந்துவிட்டது. அப்படி ஒரு சந்தை உருவாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான்; தெரியாத ஒன்றைக் குறுகிய காலத்துக்கு மட்டும் எழுதிக் கொடுப்பது அதனால்தான் நல்லது.

திரைப்பட வாய்ப்புகள் வேறு ஆட்கள் மூலம் வருவது உங்களைப் புண்படுத்தியிருக்கிறது. அது இயல்பு. இசையமைப்பாளரின் உதவியாளர் நேராகப் பாடகிக்கு அழைத்து, 'நாளை காலை வந்து ஒரு டிராக் பாடிவிட்டுப் போங்கள்' என்பதுதான் அந்த உலகின் வழக்கம். அதற்கு நடுவில் மேலாளர் நுழைவது நடக்காது, நடக்க வேண்டியதும் இல்லை. என் கருத்தில், நீங்கள் கொண்டுவராத பாடல் பதிவுக்கான ஊதியத்தில் பங்கு கேட்காதீர்கள். ஆனால் அந்தப் பதிவுக்கான தாளை நீங்கள் படித்த பிறகே கையெழுத்து என்ற உடன்பாட்டைப் பெறுங்கள். 2012-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, படத்தின் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் திரையரங்கக் காட்சி தவிர்த்த பிற பயன்பாடுகளில் தமக்குரிய சமமான ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது. வணிகப் பயன்பாட்டில் பாடுபவருக்கும் ராயல்டி உரிமை உண்டு. நாளை உங்கள் தோழி படத்துக்குப் பாட்டு எழுதினால், இது தெரிந்த ஒருவர் அருகில் இருப்பது அவருக்கு எவ்வளவு பெரிய பலம் என்று யோசியுங்கள்.

பொறுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் இசை வாழ்வைத் திட்டமிட்டு நடத்தியவர் அவருடைய கணவர் சதாசிவம் என்பது எல்லோரும் அறிந்தது. 'மீரா' படம் தமிழில் 1945-இலும் இந்தியில் 1947-இலும் வந்து நாடே அவரை அறிந்த நிலையில், அவர்கள் திரைப்படத்தைத் தொடரவில்லை, மேடைக்கே திரும்பினார்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோ கலை விழா வந்தது 1963-இல். ஐக்கிய நாடுகள் அவையில் பாடியது 1966 அக்டோபரில். இந்தி 'மீரா'வுக்கும் எடின்பரோவுக்கும் நடுவில் பதினாறு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் வெளியே தெரிந்தது சபா கச்சேரிகளும் நற்பணிகளுக்கு நிதி திரட்டிய கச்சேரிகளும்தான். அந்தக் காலமும் அந்தக் குடும்பச் சூழலும் வேறு, நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் உங்கள் நான்கு ஆண்டுகளை அந்தப் பதினாறு ஆண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று நான்கு கலைஞர்களைச் சேர்ப்பது பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். ஒருவரைச் சேருங்கள், அதுவும் உங்கள் தோழியின் பருவம் ஓய்ந்திருக்கும்போது பருவம் கொண்ட ஒருவராக. ஆடியிலும் பங்குனியிலும் கோயில் விழாக்களுக்குப் போகும் நாட்டுப்புறக் கலைஞராகவோ, மார்கழியில் பகல் நேரக் கச்சேரிகளிலிருந்து மாலை நேரத்துக்கு உயரப் பாடுபடும் இளம் வித்வானாகவோ இருக்கலாம். சபா செயலாளரிடம் பேசும் முறை வேறு, ஊர்த் திருவிழாக் குழுவிடம் பேசும் முறை வேறு. அதைக் கற்றுக்கொள்ளவே ஓராண்டு ஆகும். ஒரே மாதிரி நான்கு குழுக்களை வைத்துக்கொண்டால், ஒரே மாதத்தில் நால்வருக்கும் வேலை இருக்கும், ஒரே மாதத்தில் நால்வரும் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் பிழைப்பைப் பற்றியும் ஒளிக்காமல் பேசிவிடுவோம். ஒன்பது மேடைகளுக்கு அதே சராசரியைப் போட்டால் 10,80,000 ரூபாய். அதில் 15 சதவீதம் 1,62,000. ஆண்டு முழுவதற்கும் இவ்வளவுதான் என்று வைத்தால் மாதத்துக்கு 13,500 ரூபாய். இதில் ஒரு குடும்பம் நடக்காது, அதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதும் இல்லை. முழுநேரமாக வங்கிக்குத் திரும்புவதற்கும் இப்படியே இருப்பதற்கும் நடுவில் ஒரு வழி உண்டு: பெரிய குழுக்களின் சுற்றுப்பயணங்களில் நாள் கூலிக்கு நிர்வாகப் பொறுப்பேற்பது, நிகழ்ச்சி நிறுவனங்களுக்குக் கலைஞர் ஒருங்கிணைப்பு செய்து கொடுப்பது. வேறொருவரின் பெரிய நிகழ்ச்சியை உள்ளிருந்து பார்த்த அனுபவம் எந்த வகுப்பிலும் கிடைக்காது, அங்கே சந்திக்கும் ஒலிப் பொறியாளர்களும் ஏற்பாட்டாளர்களும் உங்கள் பேரேட்டுக்குள் வந்து சேர்வார்கள். ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இல்லாத நிலையில் மட்டும், வங்கி வேலை கிடைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்; கடன் நெருக்கும்போது செய்யும் பேரத்தில் தவறான தேதிகளுக்கும் குறைந்த தொகைக்கும் தலையாட்டி விடுவோம், அது பாடகியையும் சேர்த்துக் கீழே இறக்கும்.

கடைசியாக, உங்கள் தோழியோடு உட்கார்ந்து எழுத வேண்டிய ஒப்பந்தம். நட்பு கெட்டுவிடுமோ என்று தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். நட்பு இருக்கும்போதே எழுதுவதுதான் எளிது. பேசப் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். 41 நிகழ்ச்சிகளின் வரவு செலவைப் பயணம், வாத்தியக் கலைஞர்களின் சம்பளம், உங்கள் பங்கு, அவர் பங்கு என்று தனித்தனியாக எழுதி, ரசீதுகளுடன் முதலில் அவர் கையில் கொடுங்கள். அவர் கேட்காமலே கொடுங்கள். பங்கு மொத்தத் தொகையிலா, பயணச் செலவு போக மீதத்திலா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். மீதத்தில் என்று வைப்பதே உங்கள் நிலையில் நியாயம் என்பது என் எண்ணம். காலம் மூன்று ஆண்டுகள் போதும். பிரிய நேர்ந்தால், நீங்கள் உறுதிசெய்து வைத்த வேலைகளில் முதல் ஆண்டு முழுப் பங்கு, இரண்டாம் ஆண்டு பாதி, அதன் பிறகு எதுவுமில்லை என்று ஒரு வரி இருக்கட்டும். அந்த வரி இருவரையும் காக்கும். எழுதியதை அவர் தமக்கு வேண்டிய ஒரு வழக்கறிஞரிடம் காட்டிப் படிக்கட்டும் என்று நீங்களே சொல்லுங்கள். அதற்கு அவர் ஒரு மாதம் எடுத்துக்கொண்டாலும் அவசரப்படுத்த வேண்டாம். கல்லூரிகளுக்கு எழுதும் மாதம் தொடங்குவதற்குள் கையெழுத்தாகிவிட்டால் போதும். ஒரு மூலப் பிரதியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.